அயர்ன்கார அண்ணனுக்கும் அவர் நோட்டுக்கும் எங்கள் பிளாக்கின் நன்றி

எங்கள் பிளாக்கில் குடியிருந்த சனங்களுக்கும், இந்தக் காலமெல்லாம் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கும் வணக்கம்.

குடிசை மாற்று வாரியம் எங்கள் பழைய குடியிருப்பை இடித்துவிட்டுக் கட்டிய புதுக் கட்டடத்தில் யாருக்கு எந்த வீடு என்ற குலுக்கல் நேற்று முடிந்தது. பழைய கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு குடும்பத்தின் பேரையும் மைக்கில் வாசித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்திலிருந்து ஒருத்தர் எழுந்து போனார். ஒரு வீடுகூட விடுபடவில்லை. நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி, நம் பழைய வாசலில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனுக்கு.

காலி செய்த அந்த வாரம் வாசல் முழுக்கக் குட்டியானை வண்டிகள் நின்றன. பீரோவை இறக்குவதும், டிரம்மை ஏற்றுவதும், பிள்ளைகளை அதட்டுவதுமாக அவரவர் பாடு அவரவருக்கு. அண்ணன் மட்டும் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஓடி வருவார். "எந்தப் பக்கம்மா போறீங்க? நம்பர் ஒண்ணு சொல்லிட்டுப் போங்க." துணிக்கணக்கு எழுதும் அதே நீள நோட்டில் எழுதிக்கொள்வார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

அந்த நோட்டை நேற்றுதான் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கரி, ஒரு மூலை சூடு பட்டுப் பழுப்பாகிக் கிடக்கிறது. இடது பக்கம் பழைய கணக்கு: சட்டை 4, பேன்ட் 2, பள்ளிக்கூட யூனிபார்ம் ஒரு செட். எதிர்ப்பக்கம் நாங்கள் போன இடங்கள். துணி மாறிப்போகாமல் இருக்க வீட்டு நம்பரை வைத்தே எங்களை நினைவில் வைத்திருப்பவர் என்பதால், மாடிவாரியாக, கதவு நம்பர் வரிசையில் எழுதியிருக்கிறார். வாரிய ஆபீஸ் பட்டியலும் அதே வரிசையில்தான் இருந்தது. பக்கத்தில் பக்கம் வைத்துச் சரிபார்க்க முடிந்தது அதனால்தான்.

ஒரு வீட்டு நம்பருக்கு எதிரே "வியாசர்பாடி, அக்கா வீடு" என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு "மணலி". அதையும் அடித்துவிட்டு "மீஞ்சூர், ஸ்டேஷன் பக்கம்". இன்னொரு நம்பருக்கு இரண்டு வரி: "ஆயா மகள் வீட்டில். மகன் மாமியார் வீட்டில்." ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்த குடும்பம், இரண்டு ஊரில் இரண்டு சமையல். வேறொன்றில் "பரீட்சை முடியும்வரை பக்கத்துத் தெரு" என்று மட்டும் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படிக்கப் படிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்தர் ஒருத்தரைப் பற்றி எவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறோம்.

முதல் வருஷம் பெரும்பாலானவர்கள் நடந்து போகிற தூரத்திலேயே ஒண்டியிருக்கிறோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, காசிமேட்டு மீன் வேலை இங்கே, வீட்டு வேலை பார்க்கும் வீடுகளும் இங்கே. காலி செய்கிற குடும்பங்களுக்கு அரசு தரும் கருணைத் தொகையை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்த்தியது பெரிய உதவிதான். ஆனால் அட்வான்ஸ் கட்டியதும் கை காலி. வாடகை ஏற ஏற ஒவ்வொரு வீடாக வடக்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது: எர்ணாவூர், மணலி, செங்குன்றம், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று 2021-இல் வந்திராவிட்டால் எங்களில் பாதிப் பேர் அப்போதே வேலையை விட்டிருப்போம்.

இடிக்காதீர்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. வாரியம் 1970-இல் தொடங்கியது. எழுபதுகளில் கட்டிய வீடுகள் எந்த நிலையில் இருந்தன என்பது அதில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் சரிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து எல்லாரும் வெளியே ஓடி வந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டு உத்தரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தது மறக்காது. போகத்தான் வேண்டும். போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது வைத்திருக்கவும் வேண்டும். சென்னையின் தெற்குக் கோடியில் வாரியம் கட்டிய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் பட்ட துன்பம் சின்னதல்ல, ஆனால் அவர்களைத் தேடினால் இன்ன பிளாக், இன்ன கதவு என்று ஒரு முகவரி உண்டு. கட்டி முடித்ததும் வரலாம் என்று வெளியே போன எங்களைப் போன்றவர்கள் திசைக்கொருவராகக் கலைந்துவிடுகிறோம்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் கொடுக்க வந்த அம்மா, தகர வேலிக்கு முன்னால் கட்டுக் காகிதத்தோடு திகைத்து நின்றார்களாம். கதவே இல்லாத இடத்தில் எந்தக் கதவைத் தட்டுவது? அண்ணன்தான் நோட்டை எடுத்து நம்பர் நம்பராக வாசித்தார். எங்களில் எத்தனையோ பேர் அந்த இஸ்திரி மேசைமேல் வைத்துத்தான் படிவம் நிரப்பினோம்.

பிறகு, புது வீடு கொடுப்பதற்காகப் பழைய குடும்பங்களைச் சரிபார்க்கும் நோட்டீஸ் ஒட்டிய அன்றே அதைச் செல்போனில் படம் பிடித்து, கல்லூரியில் படிக்கும் மகளை உட்கார வைத்து, வீடு வீடாகப் போன் போட வைத்திருக்கிறார். கிடைக்காத நம்பர்களுக்கு வண்டியை மூடிவிட்டு டிவிஎஸ் எக்ஸெல்லில் தானே கிளம்பிவிட்டார். வண்டியை மூடினால் அன்றைய வரும்படி போச்சு. முதல் மாடி ஆயாவின் போன் அணைந்தே கிடந்தது. எர்ணாவூரில் சந்து சந்தாக விசாரித்து, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் கண்டுபிடித்தார். சரிபார்ப்புக்கு ஆயாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தவரும் அவர்தான். "என்னை யாரு தேடப் போறான்னு கிடந்தேம்மா" என்று ஆயா நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

ஏன் அண்ணா இவ்வளவு மெனக்கெட்டீங்க என்று கேட்டேன். "குடுத்த துணிய வாங்காம போனவங்களையே தேடிப் போய்க் குடுத்திருக்கேன். இது வீடும்மா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த சட்டையை எடுத்து விரித்துவிட்டார். அண்ணா, உங்களுக்கும் அண்ணிக்கும், போன் போட்டே தொண்டை கட்டிப்போன பாப்பாவுக்கும் எங்கள் எல்லாருடைய நன்றி.

மற்றவர்களுக்கும் கைகூப்புகிறேன். வீடு மாறியவுடன் டி.சி. வாங்கச் சொல்லாமல், தாமதமாக வந்த பிள்ளைகளையும் உள்ளே விட்ட தலைமையாசிரியை. எந்த ஊர் அட்டையானாலும் முகம் சுளிக்காமல் அரிசி போட்ட ரேஷன் கடைக்காரர்கள். 'போர்டு சனம்' என்று கதவைச் சாத்தாமல் வீடு கொடுத்தவர்கள். கைரேகை பதியாத முதியவர்களுக்காகப் பொறுமையாக மறுபடி மறுபடி முயன்ற அலுவலர்கள். நேற்று எல்லாருக்கும் தண்ணீரும் சாப்பாடும் கொண்டு வந்த பக்கத்துத் தெருப் பெண்கள் குழுவினர். பேர் விட்டுப்போயிருந்தால் மன்னியுங்கள், மனசில் இருக்கிறீர்கள்.

இனி எங்கள் சங்கத்தில் நிலையாக ஒரு நோட்டு இருக்கும். வாடகை வீடு மாறினாலும், ஊரே மாறினாலும், யார் எங்கே போகிறார்கள் என்பது அதில் ஏறும். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்து காலியாகப் போகிற குடியிருப்பில் இருக்கிறவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், வண்டி வருமுன் உங்களுக்குள் ஒருத்தரை இதற்கென்று உட்கார வையுங்கள். நம்பர் ஒன்று போதாது; சொந்தக்காரர் நம்பர் ஒன்றும், பிள்ளை படிக்கிற பள்ளியின் பெயரும் சேர்த்து எழுதுங்கள். போன் மாறிவிடும், பள்ளி சட்டென்று மாறாது.

இன்னொன்று. புதுக் கட்டடத்துக்கு காம்பவுண்டு சுவர் எழும்புகிறது, புங்கமரம் இருக்கும் இடத்தில்தான் கேட் வருமாம். 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அண்ணனுக்கு அடையாள அட்டை வாங்கித் தரவும், கேட் ஓரத்தில் வண்டி நிற்க இடம் ஒதுக்கக் கேட்கவும் மனு எழுதி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வந்து கையெழுத்துப் போடுங்கள். மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிக்காரர்கள் வர முடியாவிட்டால் சொல்லியனுப்புங்கள், மனுவை நாங்கள் அங்கே கொண்டு வருகிறோம். எல்லார் முகவரியும் இருக்கிறது.