பதினான்கு சட்டைகள் அணிந்தவர்

ஸ்காபரோ, ரொறன்ரோ
15.08.2021

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

சென்ற கிழமை தொலைபேசியில், "ஆறு வருடத்தில் நாலு வேலை, இவன் ஓரிடத்தில் நிலைக்க மாட்டான்" என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரே பாடசாலையில் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்த உங்களுக்கு அப்படித்தான் தோன்றும். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் என்னைப் பற்றி எழுத வரவில்லை. ஆகையால் இங்கே நான் கேட்டறிந்த ஒரு பேஸ்போல் வீரரைப் பற்றி எழுதுகிறேன். கிரிக்கெட் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும்.

இந்த விளையாட்டில் பந்தை எறிபவரைப் பிட்சர் என்பார்கள். அவர் நம்முடைய பந்துவீச்சாளரைப் போல ஓடிவருவதில்லை. சிறு மண்மேட்டில் நின்றபடி, அறுபது அடி ஆறு அங்குலத்துக்கு அப்பால் நிற்கும் துடுப்பாட்ட வீரரை நோக்கி, பந்து நிலத்தில் படாமல் எறிவார். நம்முடைய இருபத்திரண்டு யார் ஆடுகளத்தை விட அது ஐந்தரை அடி குறைவு. அணி வென்றாலும் தோற்றாலும் அந்த வெற்றியையோ தோல்வியையோ ஒரு பிட்சரின் பெயரில் எழுதிவிடுவார்கள். ஒருவர் செய்ததை இவ்வளவு வெளிப்படையாகக் கணக்கெழுதி வைக்கும் தொழில் வேறு இருக்கிறதோ தெரியாது.

நான் சொல்லவந்தவரின் பெயர் எட்வின் ஜாக்சன். தந்தை அமெரிக்க இராணுவத்தில் இருந்தபடியால் அவர் பிறந்தது ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில். வளர்ந்தது ஜோர்ஜியா மாநிலத்தில். 2003 செப்டெம்பர் 9ஆம் திகதி, தமது இருபதாவது பிறந்தநாளன்று, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்காக முதன்முதலாக இறங்கி, அக்காலத்தின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவரான ரண்டி ஜோன்சனுக்கு எதிராக எறிந்து வென்றார். அப்படித் தொடங்கியவர் ஒரே அணியில் பதினைந்து வருடம் இருந்து பெயரெடுப்பார் என்றுதான் எல்லோரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் 2019இல் அவர் ரொறன்ரோவின் ப்ளூ ஜேஸ் சட்டையை அணிந்தபோது அது அவருடைய பதினான்காவது அணி. பேஸ்போலின் உச்சப் போட்டியான பெரிய லீக்கின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு அணிகளுக்கு ஆடியவர் வேறெவரும் இல்லை.

இங்கே வீரர்களை அணிகள் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. வீரரின் விருப்பத்தைப் பெரும்பாலும் கேட்பதில்லை. காலையில் ஒரு நகரம், மாலையில் வேறொரு நகரம். 2011 யூலை 27ஆம் திகதி சிக்காகோ வைற் சொக்ஸ் அணி இவரை ரொறன்ரோவுக்குக் கொடுத்தது. ரொறன்ரோ அதே நாளில் சென் லூயிஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. நம்முடைய நகரத்துக்கு அவர் சில மணி நேரம், அதுவும் கடதாசியில் மட்டுமே சொந்தமாக இருந்தார். ரொறன்ரோவிலிருந்து அவரோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்களில் ஒக்தாவியோ டொடெல் என்பவரும் ஒருவர். அடுத்த வருடம் பதின்மூன்றாவது அணியில் ஆடி அந்தச் சாதனையை முதலில் வைத்தவர் அவர்தான். 2011இல் சென் லூயிஸ் பெரிய லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றது. வென்ற அணியினருக்குக் கொடுக்கும் மோதிரம் இருவருக்கும் கிடைத்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பழைய களஞ்சியசாலையில் என்னோடு பெட்டி அடுக்கிய டொமினிக்கன் நாட்டுக்காரர். டொடெல் தம்முடைய நாட்டவர் என்பதால் அந்தக் கதையை மதிய இடைவேளையில் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

ஆனால் எனக்குப் பிடித்தது 2010 யூன் 25ஆம் திகதி நடந்த ஆட்டம். ஜாக்சன் அப்போது அரிசோனா அணியில் இருந்தார். எதிரே நின்றது அவருடைய பழைய அணியான தம்பா பே. எல்லைக்கு வெளியே நான்கு பந்து எறிந்தால் துடுப்பாட்ட வீரர் அடிக்காமலே, ஓட்டமெடுக்கும் வழியிலுள்ள முதல் தளத்துக்கு நடந்து போகலாம். முதல் மூன்று இன்னிங்ஸில் மட்டும் ஏழு பேரை அவர் அப்படி நடக்க விட்டார். வேறொரு நாளாக இருந்தால் அதற்குள் அவரை வெளியே அழைத்திருப்பார்கள். ஆனாலும் ஒருவராலும் அவருடைய பந்தை முறையாக அடித்துத் தளமேற முடியவில்லை. நூறு பந்துக்குக் கிட்டவே பிட்சரை மாற்றிவிடும் காலத்தில், அவர் நூற்று நாற்பத்தொன்பது பந்து எறிந்து ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தார். அணி 1-0 என்று வென்றது. எதிரணிக்கு ஓர் அடியும் இல்லை. அதற்கு ஐந்து கிழமைக்குப் பிறகு அரிசோனாவும் அவரை மாற்றிவிட்டது!

அவருடைய அலைச்சலையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சிக்காகோ கப்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது. முதல் வருடமே அவர் பதினெட்டு ஆட்டம் தோற்றார். ஒப்பந்தம் முடிய முன்னரே, மிச்சப் பணத்தைத் தாமே சுமந்துகொண்டு, அவரை விடுவித்தார்கள். எனக்கு விடுப்புக் கடிதம் தந்த இடத்தில் கடைசிக் கிழமைச் சம்பளத்தைக்கூட இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கினேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் யோசிக்கிறேன். சிறிய லீக்குக்கு இறங்கிப் போய், தம்மை விடச் சின்னப் பெடியன்களோடு பேருந்தில் திரிந்து, முப்பத்துநான்காவது வயதில் ஓக்லண்ட் அணிக்கு வந்து ஆறு ஆட்டம் வென்று கொடுத்தார். மறுவருடம் ஓக்லண்ட் அவரை ரொறன்ரோவுக்கு வெறும் காசுக்குக் கொடுத்தது. ரொறன்ரோவில் அவருக்கு நன்றாக அமையவில்லை. இரண்டு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

பதினேழு பருவங்களில் அவர் பெயரில் 107 வெற்றி, 133 தோல்வி. நீங்கள் கணக்கு வாத்தியார். இதைத் தோல்விக் கணக்கு என்பீர்கள். ஆனால் 133 தடவை தோற்கும் வரைக்கும் ஒருவர் கையில் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்றால், அவரால் ஏதோ ஆகும் என்று பதினான்கு இடத்தில் நம்பியிருக்கிறார்கள், அப்பா. அவரை இந்த மாதம் யப்பானில் அமெரிக்காவின் ஒலிம்பிக் அணியில் கண்டேன். இறுதி ஆட்டத்தில் யப்பானிடம் தோற்று, வெள்ளிப் பதக்கத்தோடு வந்திருக்கிறார்கள்.

நாளை திங்கட்கிழமை நான் புதிய இடத்தில் வேலை தொடங்குகிறேன். வாகன உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை, இரவு வேலை. பழைய இடத்து மேற்பார்வையாளர்தான் என் பெயரைச் சொல்லி அனுப்பினார். வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் மாறவில்லை. பகலில் நித்திரையாக இருப்பேன். உங்கள் நேரத்துக்குக் காலை ஆறு மணியளவிலும் இனி எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அப்போது இங்கே இரவு எட்டரை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்