நூறு தடவை

கண்ணு,

நேற்று நீ அனுப்பிய செய்தியை அம்மா நாலு தடவை போனை வாங்கிப் பார்த்தாள். 'ஸ்நாக்ஸ் சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்.' ராத்திரி ஒன்பது மணிக்கு அது எப்படிச் சாப்பாடாகும்? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தமே நாய் வெடுக்கென்று கவ்வுவதுதான். சோறு ஆக்கிச் சாப்பிடு.

மாடி வீட்டு விஷயம் முடிந்தது, பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு அம்மாபேட்டையில் தட்டுவடை செட் வாங்கி வந்தேன், உனக்குப் பிடித்த மாதிரி பீட்ரூட் துருவல் தூக்கலாக. அம்மா தொடவில்லை. மாப்பிள்ளைக்கு இன்னும் ராத்திரி வேலைதானா? தீபாவளிக்கு அப்புறம் போனில் அவர் முகத்தையே காணோம், அதனால் கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் ஆபீஸ் இதழில் நீ எழுதும் துணுக்குப் பக்கத்தைத் தெருவில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டேன். தலைப்பு டிட்பிட்ஸ். நடுவில் டாக்டருக்கு வரும் டி. தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே 'ட்'தான், நமக்கு இந்தச் சண்டையே இல்லை. இங்கிலாந்தில், மான்செஸ்டரில் 1881இல் ஜார்ஜ் நியூன்ஸ் இதே பெயரில் துணுக்குப் பத்திரிகை தொடங்கியபோது அந்த இடத்தில் டேபிளுக்கு வரும் டீயைப் போட்டார். நான் படித்தது அந்த ஆங்கிலம். போன வாரம் அகராதியைப் புரட்டினேன். 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் வந்தபோது உன்னுடைய 'டி'தான் இருந்திருக்கிறது. அமெரிக்காக்காரன் அதை விடவில்லை. டீ அப்புறம் வந்ததாம். ருசியான ஒரு வாய்த் தீனி என்றுதான் பொருள். செய்தித் துணுக்கு என்பது பிறகு ஒட்டிக்கொண்டது.

எட்டாம் வகுப்பில் நீ அந்த 'டி'யைப் போட்டதற்குத்தான் ஸ்கேலால் அடித்தேன். நூறு தடவை எழுது என்றேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், முடித்துவிட்டு வரட்டும் என்று சொன்னது நான்தான். எழுபத்து மூன்றாவது தடவையில் நோட்டின் மேலேயே தூங்கிப்போனாய். பசியோடு. அதற்கப்புறம் எந்த நோட்டையும் நீ என்னிடம் காட்டவில்லை. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதையும் என்னிடம் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது நான்தானா, கண்ணு?

ஏற்காட்டுக் காப்பிப் பொடியும் தட்டுவடையும் பார்சல் போட வேண்டும். ஒரு ஆளுக்கா, இரண்டு ஆளுக்கா என்று அம்மா கேட்கிறாள். என்ன சொல்லட்டும்? வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

அப்பா