பிட்புல்லுக்குத் தடை, சங்கிலிக்கு 50 ரூபாய்

பெறுநர்: கால்நடை பராமரிப்புத் துறைச் செயலர் அவர்கள், தமிழ்நாடு அரசு, ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறியதும், 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்ததும் தாங்கள் அறியாததல்ல. அதன்பிறகு மாமன்றம் போட்ட தீர்மானமும் தெரிந்ததே. இந்த இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் கிடையாது, மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தின் முன்னால் நின்று நாய்க்காக வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. தீர்மானம் இனத்தைப் பிடித்துக்கொண்டு உரிமையாளரைக் கோட்டைவிட்டிருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11-இல் இருக்கும் அந்த 50 ரூபாய் அபராதத்தை மாற்றுங்கள். நாயைச் சங்கிலியிலேயே வளர்ப்பதைக் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமாக்குங்கள்.

அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. குட்டையான அல்லது கனத்த சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பது குற்றம். எந்நேரமும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை ஓடவிடாமல், நடக்கவிடாமல் வைப்பது தனிக் குற்றம். நாய் என்று பெயர் சொல்லியே அந்த உட்பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. முதல் முறைக்குத் தண்டனை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதே ஊரில் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய். செல்லப்பிராணிக்கு உரிமம் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய். உரிமம் எடுத்து, மைக்ரோசிப்பும் போட்டு, அந்த நாயை நான்கு ஆண்டு மொட்டை மாடியில் கட்டி வைத்தால் 50 ரூபாய்.

மொட்டை மாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடிக்கிற நாய்களில் பல அங்கேதான் தயாராகின்றன.

குட்டி பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது நாளிலேயே கைமாறுகிறது. எட்டு வாரத்துக்கு முன் விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன, யார் கேட்கிறார்கள்? கெத்தாக இருக்கட்டும் என்று காதை வெட்டிவிடுகிறார்கள், பல இடங்களில் மயக்க மருந்துகூட இல்லாமல். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் ஒரு குட்டி உலகத்தைப் பழகும் காலம். குழந்தைகள், கைத்தடி ஊன்றிய பெரியவர், குக்கர் விசில், ஆட்டோ சத்தம், மற்ற நாய்கள் எல்லாவற்றையும் அந்த நாட்களில் பயமில்லாமல் பார்த்த நாய்க்குப் பிறகு அவை சாதாரணம். அந்த வாரங்களை ஓர் அட்டைப் பெட்டியிலும் பால்கனியிலும் கழித்த நாய்க்கு எல்லாமே ஆபத்து.

ஐந்தாறு மாதத்தில் உடம்பில் வலு வந்துவிடும். வருகிறவர்கள் மேல் தாவும், செருப்பைக் கடிக்கும். உடனே மாடிக்குப் போகிறது. தண்ணீர்த் தொட்டித் தூணில் ஓர் இரும்பு வளையம், அதில் நான்கடிச் சங்கிலி. சோறும் மலமும் தூக்கமும் ஒரே வட்டத்துக்குள். சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் பாதத் தோல் பொத்துப்போகும். கழுத்து வளர வளரப் பட்டையைத் தளர்த்த யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. பட்டை தோலுக்குள் இறங்கி, சீழ் கட்டி, ஈ மொய்த்து, நாற்றம் கீழ்வீட்டுக்கு வந்த பிறகுதான் மருத்துவரிடம் கொண்டு வருகிறார்கள். பட்டையைச் சதையிலிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இனி அந்த நாயின் புத்தியில் நடப்பதைப் பாருங்கள். பயந்த நாய்க்கு வழி இரண்டு: விலகி ஓடுவது, அல்லது பாய்வது. சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது. சிலிண்டர் போடுகிறவர் படியேறி வருகிறார், நாய் பாய்கிறது, அவர் இறங்கிப் போய்விடுகிறார். பாய்ந்தால் ஆள் போய்விடுவான் என்று நாய் படித்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறை பாயும்போதும் சங்கிலி இழுத்துக் குரல்வளையை நெரிக்கிறது. அந்நியர் வந்தால் கழுத்து வலிக்கும் என்பது இரண்டாவது பாடம். தினமும் பத்துப் பதினைந்து முறை இந்தப் பயிற்சி நடக்கிறது. சங்கிலியில் முதலில் தேய்வது கழுத்துப் பட்டையில் மாட்டும் கொக்கிதான். அதன் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்து, ஒருநாள் கழன்றுகொள்ளும். அந்த நேரம் படிக்கட்டில் யார் இருந்தார்களோ அவர்களுடைய படம் மறுநாள் பேப்பரில் வருகிறது. ‘நாய்க்குத் திடீரென வெறி’ என்று தலைப்பு வேறு.

இதில் எங்கே புகார் கொடுப்பது? அக்கம்பக்கத்தார் காவல் நிலையம் போனால் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், அதற்குமேல் ஒன்றுமில்லை. அதிகாரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 11-இல் மூன்று உட்பிரிவுகளையும் 12-ஆம் பிரிவையும் மட்டுமே காவல்துறை தானாக விசாரிக்கத்தக்கவை என்கிறது. சங்கிலியும் பட்டினி போடுவதும் தெருவில் விட்டுவிட்டுப் போவதும் அதில் இல்லை. நீதித்துறை நடுவரின் அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் 36-ஆம் பிரிவின் மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். நாயைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-இல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. நாய் யாரையாவது கடித்தால் 291-இல் ஆறு மாதம் வரை. கொல்லும் வரைக்கும், கடிக்கும் வரைக்கும் சட்டம் மாடிப்படி ஏறுவதில்லை.

பிட்புல் சாதுவான பிராணி என்று நாங்கள் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லிக் குட்டி விற்கிறவர்களும் இந்தக் கேட்டுக்குப் பங்காளிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புல்டாகையும் டெரியரையும் கலந்து சண்டைக்காக உருவாக்கிய வம்சம் இது. மற்ற நாய்களைக் கண்டால் பொறுக்காத குணம் இதில் பல நாய்களுக்கு ரத்தத்திலேயே உண்டு. ஒன்றரை, இரண்டு வயதில், அதுவரை கூட விளையாடிய நாயிடமேகூட அது வெளிப்படலாம். மனிதர்மேல் பாயும் குணம் வேறு. அது இதோடு தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் பயத்திலிருந்தும் வளர்ப்பிலிருந்தும் வருவது. ஆனால் கடித்தால் விடாது, பிடித்து உலுக்கும். மற்ற நாய் கடித்துவிட்டு ஓடுகிற இடத்தில் இது நிற்கும். இனம் கடியின் சேதத்தைக் கூட்டுகிறது. கடி நிகழுமா என்பதைத் தீர்மானிப்பது பெரிதும் சங்கிலியின் மறுமுனை.

தாடை பூட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. கடித்துப் பிடித்திருக்கும் நாயைப் பின்னால் இழுத்தால் சதை கிழியும். அடித்தால் பிடி இறுகும். பின்பக்கமிருந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து முறுக்கி மேல்நோக்கித் தூக்கி, மூச்சு முட்டி வாய் தளரும் வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் செருகித் திருப்பும் ஆப்புக்கட்டை என்று ஒன்று உண்டு, ஒரு ஜாண் நீள மரத்துண்டுதான். மாநகராட்சி நாய் பிடிக்கும் வண்டிகளில் அது இருக்கிறதா?

இனத்தைத் தடை செய்வதில் இன்னொரு சிக்கல், இனத்தைக் கண்டுபிடிப்பது. அசல் அமெரிக்கன் பிட்புல் டெரியர் நடுத்தர நாய். ஆண் 16 முதல் 27 கிலோ. இங்கே பிட்புல் என்று 45 கிலோவில் விற்பது பெரும்பாலும் அமெரிக்கன் புல்லி என்ற பருத்த இனத்தின் கலப்பு. நாய் இனங்களை அங்கீகரிக்கும் உலக அளவிலான எஃப்.சி.ஐ. அமைப்பு இந்த இனத்தை ஏற்கவே இல்லை. வாசலில் நிற்கும் ஊழியரிடம் உரிமையாளர் ‘லேப் கிராஸ் (லாப்ரடார் கலப்பு) சார்’ என்றால் அவர் எதை வைத்து மறுப்பார்? 2024 மார்ச் 12-இல் மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் டோசா இனு என்று ஒரு நாய், ஜப்பானிய டோசா என்று இன்னொரு நாய். இரண்டும் ஒன்றுதான். ‘டெரியர்கள்’ என்று மொத்தமாக ஒரு வரி வேறு. மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்னும் யார்க்‌ஷயர் டெரியரும் அதில் அடக்கம். ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரிட்டன் 1991-இல் பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்தது; 2023 முடிவில் எக்ஸ்எல் புல்லியை ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டிவந்தது. ஒன்றைத் தடுத்தால் அதே ஆட்கள் அடுத்ததை வாங்குகிறார்கள். இங்கும் கேன் கோர்சோ என்ற பெரிய காவல் நாய் இனத்தின் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

உரிமம் கிடையாது என்றதும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? தெருவில் நடத்திப் போனால் ஒரு லட்சம். ஆகவே நடத்த மாட்டார். மருத்துவரிடம் போக மாட்டார். வெறிநோய்த் தடுப்பூசி நின்றுபோகும். நாய் மாடியிலேயே இருக்கும், இன்னும் குட்டையான சங்கிலியில். இல்லாவிட்டால் இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே அவிழ்த்து விடுவார். அதற்கும் சட்டப்படி 50 ரூபாய்தான்.

உரிமத்தை நிறுத்துவதைவிட, நிபந்தனையோடு தருவது மேல். தொடர்ந்து கட்டி வைப்பதில்லை என்ற உறுதி, தாண்ட முடியாத மதில், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கிற இரட்டைக் கதவு, கருத்தடை, ஆண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக் கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்ப்பது. தெருவில் பதினெட்டு வயது தாண்டியவர் மட்டும் பிடிக்கலாம், நான்கடி தோல் அல்லது நைலான் வாரில். பட்டன் அழுத்தினால் நீளும் கயிறு கூடாது. வாய்ப்பூட்டு கட்டாயம் என்றால் எந்த வாய்ப்பூட்டு என்றும் எழுதுங்கள். கடையில் கிடைக்கும் துணி உறை வாயை மூடியே வைக்கும். நாய்க்கு உடல் சூடு தணிவது பெரும்பாலும் மூச்சு இளைப்பில்தான். நாக்கைத் தொங்கவிட முடியாமல் சென்னை வெயிலில் நடந்தால் உடல் கொதித்து விழும். கூடை வடிவ வாய்ப்பூட்டு வேண்டும்: உள்ளே வாயைத் திறந்து இளைக்க முடிய வேண்டும், தண்ணீர் குடிக்க முடிய வேண்டும், மூக்கு நுனிக்கு முன் ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். முதல் நாளே மாட்டிக் கூட்டிப் போனால் காலால் பிய்த்தெறியும். கூடைக்குள் கொஞ்சம் தயிரோ வேகவைத்த கோழியோ வைத்து, தானாக மூக்கை நுழைக்கப் பழக்கி, பிறகு சில நொடி வார் மாட்டி, பிறகு சில நிமிடம் என்று இரண்டு வாரமாவது ஆகும். உரிமத் தாளின் பின்பக்கத்தில் இதை அச்சிட என்ன செலவு?

50 ரூபாயை மாற்ற டெல்லி மனது வைக்க வேண்டும் என்று பதில் வரும். 2014-இல் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனைகளை உயர்த்த நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. 2022 நவம்பரில் ஒரு வரைவு மசோதா வெளியாகி, கருத்துக் கேட்டு, அப்படியே கிடக்கிறது. ஆனால் இது பொதுப்பட்டியல் விஷயம். 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியபோது இதே சட்டத்தை, இதே 11-ஆம் பிரிவு உட்பட, நம் அரசு சில நாட்களில் திருத்திக் காட்டியது. காளைக்காக முடிந்தது. நாய்க்குக் கட்சியில்லை, வாக்கில்லை, கடற்கரையில் கூட்டம் சேராது, அது புரிகிறது. மொட்டை மாடியில் இருப்பது நாட்டு இனமும் இல்லை, பெருமை பேச. குட்டி விற்கிறவருக்கு மாநில விலங்கு நல வாரியப் பதிவு இருக்கிறதா என்று பார்க்காத நாம்… மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு.

தண்டனை எப்படி இருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமெரிக்கன் ஃபுட்பால் நட்சத்திரம் மைக்கேல் விக்கின் பண்ணையில் சண்டைக்கு வளர்த்த பிட்புல்கள் பிடிபட்டன. அவருக்கு 23 மாதச் சிறை. நாய்களின் பராமரிப்புக்கு 9 லட்சம் டாலருக்கு மேல் அவரே கட்ட வேண்டிவந்தது. நாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் நாற்பதுக்கும் மேல் காப்பாற்றத் தகுந்தவை என்று தெரிந்தது. பல வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தன. சண்டைக் களத்தில் கிடந்தவை அவை.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம். பிரிவு 11-க்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, சங்கிலி, பட்டினி, கைவிடுதல் மூன்றுக்கும் ஆயிரக்கணக்கில் அபராதமும், நாயை மீட்டு வைத்திருக்கும் செலவு உரிமையாளர் தலையில் விழும்படியும் செய்யுங்கள். அவற்றை 31-ஆம் பிரிவில் சேருங்கள். இரண்டாவது முறை சிக்கியவர் இனி நாயே வளர்க்கக் கூடாது என்று உத்தரவிட 29-ஆம் பிரிவு ஏற்கெனவே இடம் தருகிறது; அரசு வழக்கறிஞர்கள் அதைக் கேட்கட்டும்.

திருத்தத்துக்குச் சட்டமன்றமும் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வேண்டும், காலமாகும். 34-ஆம் பிரிவுக்கு அது வேண்டாம். வதைபடும் விலங்கைக் கைப்பற்றி நடுவர் முன்போ கால்நடை மருத்துவர் முன்போ நிறுத்த, மாநில அரசு யாரை வேண்டுமானாலும் அதிகாரம் கொடுத்து நியமிக்கலாம். மண்டலத்துக்கு ஒரு மாநகராட்சிக் கால்நடை மருத்துவரை அப்படி நியமித்து ஓர் அரசாணை வெளியிடுங்கள். அடுத்த கோடைக்கு முன் அதையாவது செய்து தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நாய் வளர்ப்போரும் பயிற்றுநர்களும்,
சென்னை