மிலிட்டரிக்காரங்களுக்கு டாக்ஸ் கிடையாதுன்னு சொல்றவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் வேலூர் பக்கம் ஒரு கிராமம், வீட்டுக்காரர் ஆர்மில ஹவில்தார், இருபத்தோரு வருஷ சர்வீஸ். எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் "உங்களுக்கென்னம்மா, டாக்ஸே கிடையாது, கேன்டீன் வேற இருக்கு"ங்கிறாங்க. கேன்டீன் இருக்கு, சரி. ஆனா டாக்ஸ் உண்டுங்க. பேசிக் சம்பளம், டிஏங்கிற அகவிலைப்படி, மாசம் 5,200 ரூபா மிலிட்டரி சர்வீஸ் பே, எல்லாத்துக்கும் உண்டு. போர்க்களத்துல உயிர விட்டவரோட குடும்ப பென்ஷன், வீர் சக்ரா மாதிரி விருதுக்கு வர்ற பென்ஷன், இதுக்கெல்லாம்தான் வரி இல்ல. சம்பளத்துக்கு அப்படி ஒண்ணும் கிடையாது.

இந்த நெனப்பாலதான் நாங்க மாட்டினோம். சில வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்து மிலிட்டரிக்கு முழு ரீஃபண்ட் வாங்கித் தரேன், எனக்கு கமிஷன் மட்டும் குடுங்கன்னாரு, நானும் நம்பி பேப்பரெல்லாம் குடுத்துட்டேன், அவர் நாங்க கட்டாத இன்சூரன்ஸ், குடுக்காத நன்கொடை எல்லாம் எழுதி விட்டுட்டாரு. அப்புறம் நோட்டீஸ் வந்து வாங்கின பணத்த வட்டியோட கட்டினோம். கையெழுத்து எங்களோடதுதானே.

2024-25ல வருஷ சம்பளம் ஒன்பதரை லட்சம் இருந்தா புது வரி முறைல (விலக்கெல்லாம் கம்மி, வரி விகிதமும் கம்மியா இருக்கிற முறை) 39,000 ரூபா வரி. ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், மாமியார் மருந்து, லோன் போக அந்தப் பணம் எங்களுக்குப் பெருசு. 2025 பட்ஜெட்ல புது முறைல 12.75 லட்சம் வரைக்கும் சம்பளக்காரங்களுக்கு வரி இல்லன்னு ஆனது நிஜமாவே பெரிய உதவி, மனசார சொல்றேன். சின்னப் பசங்களுக்கு அந்தக் கவலையே இல்ல, அக்னிவீரா சேர்ற பையனுக்கு முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 சேவா நிதிங்கிற சேமிப்புக்குப் பிடிச்சுட்டு கைக்கு வர்றது 21,000. அதுல வரி போட என்ன இருக்கு?

ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே மாட்டேங்குது. சியாச்சின்ல நிக்கிற ஜவானுக்கு தனி அலவன்ஸ் உண்டு, 2017ல அத மாசம் 30,000ன்னு ஆக்கினாங்க. அதுல பழைய முறைல வரி விலக்கு வெறும் 7,000க்குத்தான், புது முறைக்கு மாறினா அதுவும் போச்சு. சுபேதார் மாதிரி சீனியர் ஆளுங்களுக்கு அந்த அலவன்ஸ் சேர்ந்தா 12.75 லட்சத்தையும் தாண்டிடலாம். அந்தக் குளிர்ல மூச்சு விட கஷ்டப்பட்டு வாங்குற காசுங்க அது, எந்த முறைல கட்டினாலும் அதுக்கு மட்டுமாவது முழு விலக்கு குடுக்கணும்.

இன்னொண்ணு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல ஜூன், ஜூலை ரெண்டு மாசமாவது ஒருத்தர உக்கார வச்சு சம்பளத்துல எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு காட்டுற ஃபார்ம் 16ஐ தமிழ்ல சொல்லித்தர ஏற்பாடு பண்ணணும், சர்வீஸ்ல இருக்கிறவங்க குடும்பத்துக்கும் சேர்த்து. வரி ரிட்டர்ன ஆன்லைன்ல போடும்போது ஓடிபி போறது என் வீட்டுக்காரர் போனுக்கு, அவர் இருக்கிற எடத்துல சிக்னல் இருக்காது, கடைசி தேதி மட்டும் நெருங்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல நாங்க போய் நிக்க ஒரு எடம் வேணும்.

இப்படிக்கு,
ஒரு ஹவில்தாரின் மனைவி,
வேலூர் மாவட்டம்