சான்றிதழ் கையில் இருந்தும் சலுகை வரி கைநழுவுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடையற்ற வணிக ஒப்பந்தங்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ஒப்பந்தத்தில் எந்தப் பொருளுக்கு வரி குறைகிறது என்பதை எல்லாம் புரியும்படி எழுதியிருந்தார்கள், சந்தோஷம். ஆனால் ஆவணங்கள் பற்றி வரும் இடத்தில் மட்டும், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் தோற்றச் சான்றிதழைக் காட்டினால் சலுகை வரி கிடைத்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கப்பல் நேராக வந்து சேர்ந்தால் அது கிட்டத்தட்ட சரி. வழியில் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ துபாயின் ஜெபல் அலியிலோ இறக்கி, வேறு கப்பலில் ஏற்றி வந்த சரக்கு என்றால், அந்த ஒரு வரியை நம்பி இறங்குகிறவர் முழு வரியும் கட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். சரக்கு ஆவண வேலையிலேயே இருக்கிறவன் என்பதால் இதைப் பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை.

சுங்கத்துறை கேட்பது இரண்டு கேள்விகள். பொருள் எங்கே உருவானது? உருவான இடத்திலிருந்து கிளம்பிய அதே பொருள்தான் இங்கே வந்து நிற்கிறதா? தோற்றச் சான்றிதழ் முதல் கேள்விக்குத்தான் பதில். அதை ஏற்றுமதி செய்யும் நாட்டில், சரக்கு ஏறும் சமயத்தை ஒட்டித் தருகிறார்கள். நடுவில் இருக்கும் துறைமுகத்தில் கன்டெய்னரைத் திறந்தார்களா, மாற்றினார்களா என்பது அதில் கையெழுத்துப் போட்டவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் நேரடி அனுப்புகை விதி என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இடையில் நிற்கலாம், இறக்கலாம், ஏற்றலாம், கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது, அந்த நாட்டுச் சுங்கத்தின் கட்டுப்பாட்டை விட்டும் போகக்கூடாது. போகவில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு சலுகை கேட்பவருடையது.

இதை எதை வைத்துக் காட்டுவது என்பதில்தான் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விதி மாறுகிறது. இந்தியா-ஆசியான் ஒப்பந்தத்தில், சரக்கு வேறு நாட்டு வழியாக வந்தால், ஏற்றுமதி செய்த நாட்டிலேயே கொடுக்கப்பட்ட த்ரூ பி.எல். வேண்டும், அதாவது புறப்பட்ட துறைமுகம் முதல் கடைசித் துறைமுகம் வரை முழுப் பயணத்துக்கும் சேர்த்துப் போட்ட ஒரே பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்). அதோடு தோற்றச் சான்றிதழ், மூல இன்வாய்ஸின் நகல், வழியில் எதுவும் நடக்கவில்லை என்பதற்கான துணை ஆவணங்கள். ஆசியான் நாடுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் ஒப்பந்தத்திலும் பட்டியல் இதேதான். 2022 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த ஆர்.சி.இ.பி. (ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்து போட்ட வட்டார வணிக ஒப்பந்தம்) கொஞ்சம் இளகியது. இடைநாட்டுச் சுங்க ஆவணம், அல்லது பி.எல்., விமானச் சரக்குக்கான ஏர்வே பில், இன்வாய்ஸ் நகல், நிதிப் பதிவுகள், சரக்கில் கைவைக்கவில்லை என்ற சான்று, இப்படிப் பொருத்தமான எதையாவது காட்டலாம், அதுவும் சுங்கம் கேட்டால்.

படிக்கும்போது எல்லாம் எளிதாகத்தான் இருக்கிறது. மேஜையில் நடப்பதைச் சொல்கிறேன். ஆசியான் நாடுகளின் ஃபார்ம் டி சான்றிதழில் 3-ஆவது கட்டம் கப்பலின் பெயர், புறப்படும் தேதி, இறங்கும் துறைமுகம் ஆகியவற்றுக்கானது. ஏற்றுமதியாளர் அதில் எழுதுவது தன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஃபீடர் கப்பலின், அதாவது பெரிய துறைமுகம் வரை சரக்கைக் கொண்டுவிடும் சிறிய கப்பலின் பெயரை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரக்கு வந்து சேர்வதோ வேறொரு பெரிய கப்பலில். அதிகாரி சான்றிதழை ஒரு பக்கம் வைக்கிறார், வந்த கப்பலின் சரக்குப் பட்டியலை இன்னொரு பக்கம் வைக்கிறார், பெயர் ஒத்துவரவில்லை. முழு கன்டெய்னராக வந்திருந்தால் பரவாயில்லை, கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் கடைசி வரை ஒன்றாகவே இருக்கும், கப்பல் நிறுவனத்தின் டிராக்கிங் பக்கத்தை அச்சிட்டு எந்தத் தேதியில் இறங்கியது, எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் ஏறியது என்று காட்டிவிடலாம், பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் போட்டு அனுப்பும் எல்.சி.எல். சரக்கு என்றால் கதையே வேறு. இடைத்துறைமுகக் கிடங்கில் கன்டெய்னரைப் பிரித்து, போகும் ஊர் வாரியாக வேறு கன்டெய்னர்களில் அடுக்குவார்கள். அது அந்தத் தொழிலின் இயல்பு, அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கிளம்பியது ஒரு எண், வந்தது ஒரு எண். இரண்டையும் இணைக்கும் காகிதம் சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டரிடமோ அவருடைய அங்குள்ள ஏஜென்ட்டிடமோதான் இருக்கும், கேட்டால் வரும், கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

இதைவிட மோசமானது ஸ்விட்ச் பி.எல். வாங்குபவருக்கும் தயாரிப்பவருக்கும் நடுவில் மூன்றாவது நாட்டில் ஒரு வணிகர் இருப்பார். தன் சப்ளையர் யார் என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் அடுத்த ஆர்டர் தனக்கு வராதே என்ற பயம் அவருக்கு (நியாயமான பயம்தான்). அதனால் முதல் பி.எல்.லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) பெயரை மாற்றி வேறொன்று வாங்கி அனுப்புவார். புதிய பி.எல்.லில் ஏற்றுமதித் துறைமுகமாகவே இடைத்துறைமுகத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. அந்த நிமிடமே சலுகை போச்சு. பொருள் அசலாக இருக்கலாம், சான்றிதழ் அசலாக இருக்கலாம், ஆனால் அந்த பி.எல். ஏற்றுமதி நாட்டில் கொடுக்கப்பட்டதும் இல்லை, முழுப் பயணத்தைக் காட்டுவதும் இல்லை. மூன்றாம் நாட்டு இன்வாய்ஸுக்குப் பல ஒப்பந்தங்களில் இடம் உண்டு, ஃபார்ம் டியில் அதற்கென்றே 13-ஆவது கட்டத்தில் ஒரு டிக் போடும் இடம் இருக்கிறது. அந்த வசதி இன்வாய்ஸுக்கு மட்டும்தான். பி.எல்.லையும் அதே மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வணிகர்கள் செய்யும் வேலை, கடைசியில் வரி கட்டப்போகும் இறக்குமதியாளர் தலையில் வந்து விழுகிறது.

விதி தேவையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்கா 2001-இல் சீனத் தேன் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி (அநியாயமாக விலை குறைத்து வரும் இறக்குமதி மீதான கூடுதல் வரி) போட்ட பிறகு, அதே தேன் வேறு ஆசிய நாடுகள் வழியாகச் சுற்றிப்போய், அந்தந்த நாட்டுத் தேன் என்று பெயர் மாறி அமெரிக்காவில் இறங்கியது, வழக்குகளும் நடந்தன. சலுகை வரி விவகாரம் இல்லை என்றாலும் சுங்க அதிகாரிகளின் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் புரியும். ஆனால் இதையே இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். பொருள் எங்கே உருவானது என்பதிலேயே பொய் சொல்கிறவனுக்கு, பொய்யான நாட்டிலிருந்து கிளம்பும் சுத்தமான த்ரூ பி.எல். கிடைப்பது ஒரு கஷ்டமா? அவன் காகிதத்தில் ஒரு எழுத்துப் பிசகாது. கப்பல் பெயர் மாறி மாட்டிக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் நேர்மையான ஆள்.

அதனால் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் மட்டும் ஆவணம் கேளுங்கள் என்பதே என் கட்சி. இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வளரும் நாடுகளுக்குத் தரும் பொதுச் சலுகைத் திட்டத்தில் நேரடிப் போக்குவரத்து விதியை 2011 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டு, பொருள் வழியில் மாற்றப்படக்கூடாது என்ற விதியை வைத்தது. நிபந்தனை நிறைவேறியதாகவே எடுத்துக்கொள்வார்கள், வேறுவிதமாக நினைக்க ஆதாரம் இருந்தால்தான் சான்று கேட்பார்கள். 2015 டிசம்பரில் நைரோபியில் கூடிய உலக வணிக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடும், மிகவும் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு, முறைகேடு குறித்த கவலை இல்லாதவரை, கைவைக்கவில்லை என்ற சான்றைக் கேட்பதைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. நேபாளமோ லாவோஸோ ருவாண்டாவோ, கடலே இல்லாத நாட்டிலிருந்து கப்பல் நேராக வா என்றால் எங்கிருந்து வரும்?

ஹாங்காங் வேறொரு வழியில் போனது. சீனாவுக்குப் போகும், சீனாவிலிருந்து வரும் சரக்கு அங்கே அவ்வளவு கைமாறுவதால், தங்கள் துறைமுகத்தில் சரக்கில் யாரும் கைவைக்கவில்லை என்று அந்தச் சுங்கத்துறையே சான்று தருகிறது. 2015-இல் இதற்கென்று தனித் திட்டமே கொண்டுவந்தார்கள். நல்ல வசதிதான். ஆனால் இந்த மாதிரிச் சான்றை முன்கூட்டியே திட்டமிட்டுக் கேட்க வேண்டும், அவர்கள் கண்காணிப்பில் சரக்கு நகர வேண்டும். சரக்கு வந்து சேர்ந்த பிறகு, இங்கே கேள்வி எழுந்த பிறகு, அங்கே மெயில் போட்டு, போன மாதம் போன கன்டெய்னருக்கு ஒரு சான்று கொடுங்கள் என்றால் எந்தத் துறைமுகம் கொடுக்கும்? இதற்குள் இங்கே டெமரேஜ், அதாவது சரக்கை எடுக்கத் தாமதமானால் விழும் கட்டணம், ஏறிக்கொண்டிருக்கும். சலுகையால் மிச்சமாகும் தொகையை டெமரேஜ் தின்றுவிடும் நிலை வந்தால் இறக்குமதியாளர் என்ன செய்வார், முழு வரியைக் கட்டிவிட்டு எடுத்துப்போவார், அப்புறம் அந்த ஒப்பந்தத்தால் பயனே இல்லை என்று பேசுவார்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சரக்கை இடைநாட்டுக் கிடங்கில் வைத்து, அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து அனுப்பினால் அது வெறும் டிரான்ஷிப்மென்ட் (கப்பல் மாற்றி ஏற்றுவது) இல்லை. மூலச் சான்றிதழை வைத்து இடைநாடு தரும் பேக்-டு-பேக் சான்றிதழ் அதற்கு வேண்டும். அதைத் தரக்கூடியது அதே ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு மட்டுமே. ஆர்.சி.இ.பி. சரக்கை ஜெபல் அலியில் இறக்கிவைத்துப் பிரித்து விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஐக்கிய அரபு அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பது அவர்கள் கணக்கில் வராது.

தவறு முழுக்க அரசாங்கத்தின் மேலும் இல்லை. சப்ளையருக்கு ஆர்டர் போடும்போது விலை பேசுகிறோம், டெலிவரி தேதி பேசுகிறோம், கப்பல் எந்த வழியாக வரும் என்று யாரும் கேட்பதில்லை. ஃபார்வர்டரும் இருப்பதில் மலிவான வழியைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். சலுகை வரி கேட்கப்போகிறோம் என்பதை ஏற்றுமதியாளர், ஃபார்வர்டர், கிளியரிங் ஏஜென்ட் மூவருக்கும் புக்கிங்குக்கு முன்னாலேயே சொல்லி, முழுப் பயணத்துக்கும் அங்கேயே பி.எல். வேண்டும், அதில் இரண்டு கப்பல்களின் பெயரும் வரவேண்டும், இல்லையென்றால் இரண்டாவது கப்பலின் விவரம் கப்பல் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை ஓடிப்போகும். காகிதங்களைப் பத்திரமாகவும் வைத்திருக்க வேண்டும். ஆர்.சி.இ.பி.யில் குறைந்தது 3 ஆண்டுகள், இந்தியாவில் ஒப்பந்தச் சலுகை வரி கேட்பவர்களுக்காக 2020-இல் வந்த கரோட்டர் விதிகளின்படி குறைந்தது 5 ஆண்டுகள். சரக்கை எடுத்துவிட்டோம், முடிந்தது என்று யாரும் நினைக்க முடியாது, விசாரணை பின்னாலும் வரலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஒப்பந்தம் வாரியாக வரி விகித அட்டவணை தருவதாக இருந்தால், பக்கத்திலேயே இன்னொரு பத்தியைச் சேர்த்து, வேறு நாட்டு வழியாக வரும் சரக்குக்கு அந்த ஒப்பந்தம் என்னென்ன ஆவணங்கள் கேட்கிறது என்பதையும் போடுங்கள். த்ரூ பி.எல். கட்டாயமா, இல்லை வேறு ஆவணம் போதுமா என்பதை மட்டுமாவது போட்டால்கூட உங்கள் வாசகர்களில் சரக்கு இறக்குமதி செய்பவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சரக்கு ஆவணப் பணியில் இருக்கும் ஒரு வாசகர்