பையைத் தரையில் வைக்காதே

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் நலம். உன் நலத்தை நீதான் எழுத வேண்டும். சித்திரையில் கோயில் கொடைக்கு வந்துவிட்டுப் போனாய். இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. நடுவில் நீ பேசியது நாலே தடவை. நாலு தடவையும் "ம்... சரிப்பா, வேலையா இருக்கேன், வைக்கிறேன்." போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் மிட்டாய்ப் பார்சலுக்குள் இந்தக் காகிதத்தை வைக்கிறேன். மிட்டாய் எடுக்கும்போதாவது பிரிப்பாய் இல்லையா.

பணம் வந்தது. நாற்பதாயிரம். வங்கியிலிருந்து வந்த மெசேஜை அம்மா மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னாள். 'அம்மா நகைக்கு' என்று மட்டும் போட்டிருந்தாய். சந்தோஷம்தான். பிள்ளை சம்பாதித்து அனுப்பிய பணம் என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் போனை வைத்துக் கும்பிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் சம்பளம், அறை வாடகை, மெஸ் செலவு எல்லாம் எனக்குத் தெரிந்த கணக்குதான். முப்பத்தைந்து வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். அதை இப்போது விடு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கரிசல் காடெல்லாம் காலை இழுக்கிறது. சென்னையில் இன்னும் அதிகம் என்று டிவியில் காட்டுகிறார்கள். உன் அறை வேறு தரைத்தளம். அந்தக் கறுப்புப் பையைத் தரையில் வைக்காதே. லென்ஸில் பூஞ்சை பிடித்தால் லேசில் போகாது என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருபது இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பையில் ஒவ்வொரு அறையிலும் ரெண்டு ரெண்டாகப் போடு. போட்டு முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பையைத் திறந்து வைத்து எடு.

மேலத்தெரு விஷயம் ஒருவழியாக முடிந்தது. சித்தப்பா வந்து கையெழுத்துப் போட்டார். காபி குடிக்கவில்லை. அக்காவுக்கு முதுகுவலி கொஞ்சம் பரவாயில்லை. சின்னவன் ஹாக்கி மட்டை வேண்டும் என்று ஒரு வாரமாகச் சாப்பிடாமல் அடம். நம்ம ஊர்ப் பிள்ளை அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்கும்? மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி வெண்கலத்தோடு வந்தபிறகு, தெருவில் ஓடுகிற பிள்ளை எல்லாம் தன்னை மாரீஸ்வரனாக நினைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. சரி, வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மட்டையைக் கையில் பிடித்தபோது எனக்கு தன்ராஜ் பிள்ளை ஞாபகம் வந்தது. உனக்கு நினைவிருக்காது, 2000 சிட்னி ஒலிம்பிக் சமயத்தில் உனக்கு அஞ்சு வயசு. கடை டிவிக்கு முன்னால் என் மடியில் உட்கார்ந்திருந்தாய். போலந்தோடு ஆட்டம். ஜெயித்தால் அரையிறுதி. நாம் ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்லை, அவன் அடித்துவிட்டான், சமன். அதோடு போச்சு. அந்த மனுஷன் அழுததைப் பார்த்து நீயும் அழுதாய், ஏன் என்றே தெரியாமல்.

நான் இப்போது நினைப்பது அந்த அழுகையை அல்ல. அதற்கப்புறம் நடந்ததை. புனே பக்கம் கட்கியில், ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவருடைய மகன். உடைந்த மட்டையைக் கயிறு சுற்றி ஆடி வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. 1998ல் பாங்காக்கில் தலைவனாக இருந்து, 32 வருஷம் கழித்து ஆசியப் போட்டித் தங்கத்தைக் கொண்டுவந்தார். வந்த கையோடு அவரையும் இன்னும் சிலரையும் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தார். சிட்னியில் அந்த அடி விழுந்தது. அதற்கப்புறமும், 36 வயசில், 2004 ஏதென்ஸுக்குப் போனார். நாலு ஒலிம்பிக். ஒரு பதக்கம் கிடையாது. ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரில் யாராவது பதக்கத்தைப் பற்றிக் கேட்டு நீ பார்த்திருக்கிறாயா? பந்து அவர் மட்டைக்கு வந்தால் மைதானமே எழுந்து நிற்கும், அதைத்தான் சொல்வார்கள்.

அம்மா மாரியப்பனைச் சொல்வாள். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி. அஞ்சு வயசில் பஸ் ஏறிக் கால் போன பிள்ளை. அவர் அம்மா காய்கறி விற்று வளர்த்தார் என்பதால் உன் அம்மாவுக்கு அவர்மேல் தனிப் பிரியம். 2016 ரியோ பாராலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் மழைக்கு நடுவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். உயரம் குறைகிறதே, நிறத்தின் மதிப்பு இறங்குகிறதே என்று சொல்பவன் சொல்லட்டும். மூன்று தடவையும் அந்தக் கம்பிக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு அதுதான் பெரிசாகத் தெரிகிறது. முதல் தடவை தாண்டுவது திமிரில்கூட முடியும். மூன்றாவது தடவை வந்து நிற்பதற்கு வேறு ஒன்று வேண்டும்.

நீ படிக்கிறாயா, இல்லை மடித்து வைத்துவிட்டாயா தெரியவில்லை.

உன் வேலையைப் பற்றி இப்போது சொல்கிறேன். கோபப்படாதே. போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் கூட்டாளி ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மறைத்ததில்தான் வருத்தம். எட்டு வருஷம் உதவி இயக்குநராக இருந்து, ரெண்டு தயாரிப்பாளர் கதை கேட்டுக் கைவிட்டு, வாடகை கொடுக்க ஒரு வேலை பார்த்தால் அதில் என்ன தப்பு?

கேமரா வாங்கிய அன்று ராத்திரி நீ லேப்டாப்பில் ஒரு வங்காளப் படம் போட்டுக் காட்டினாயே, பதேர் பாஞ்சாலி. மகள் செத்தது தெரியாமல் அப்பன் அவளுக்குச் சேலை வாங்கிக்கொண்டு வருவான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குப் படம் பிடிக்கவில்லை என்று நீ நினைத்தாய். திண்ணையில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது நீ அந்த சத்யஜித் ரே பட்ட பாட்டைச் சொன்னாய். 1952 அக்டோபரில் ஆரம்பித்த படம். விளம்பரக் கம்பெனி வேலையை விடாமல், லீவு நாளில் எடுத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை நாணல் பூ பூத்த வயலில் பாதி எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு போனால் மாடு அத்தனை பூவையும் மேய்ந்துவிட்டது. பூ திரும்ப வர ஒரு வருஷம் காத்திருந்தார்கள் என்றாய். நமக்கு மாடு மேய்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் எனக்கு அது அப்படியே மனசில் நின்றுவிட்டது. பணம் தீர்ந்து எத்தனை தடவை நின்றது. இசைத்தட்டுகளை விற்றார், மனைவி நகையை அடகு வைத்தார். கடைசியில் வங்காள அரசு பணம் கொடுத்து, 1955ல்தான் படம் வெளியே வந்தது. அதுவரை அந்தச் சின்னப் பையனுக்குக் குரல் உடையவில்லை, அந்தக் கிழவி சாகவில்லை, அதை ரே அதிசயம் என்று சொன்னார் என்று சொல்லி நீ சிரித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்து நாளாகிறது.

அவரும் வேலை பார்த்தார். நீயும் பார். ஞாயிற்றுக்கிழமை உன்னுடையது. ஆனால் பையைத் தரையில் வைக்காதே. ஈரம் ஏறாமல் மேலே, அலமாரியில் வை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நாலு நாளாக எழுதவா வேண்டாமா என்று இருந்தேன்.

2009. நீ ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பின்கட்டுக்குள் நுழைந்து, பலகையிலிருந்து சூடாக ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டாய். ரெண்டு கடி கடித்தாய். "அப்பா, பல்லுல ஒட்டுது. கடலையும் கசக்குது" என்றாய். அடுப்படியில் நாலு பெண்கள், பாக்கெட் போடுகிற இடத்தில் ஆறு பேர். எல்லோர் முன்னாலும் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். "நாக்கு நீளமா வளந்துருச்சோ" என்று கேட்டேன். நீ மென்றுகொண்டிருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போனாய். அன்றிலிருந்து நீ பின்கட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அம்மா கேட்டதற்கு, பையன் படிப்பில் கவனமாகிவிட்டான் என்று சொன்னேன்.

நீ சொன்னது உண்மை, கதிர். ஒரு பெரிய ஆர்டர். விலையைக் குறைத்தால்தான் எடுப்பேன் என்றார்கள். வெல்லத்தைப் பாதியாக்கி, குளுக்கோஸ் பாகைக் கலந்தேன். முந்தின வருஷத்துக் கடலையை மலிவாகப் பிடித்தேன். பாகு பதம் உனக்குத் தெரியும், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று கல் மாதிரிச் சத்தம் கேட்க வேண்டும். உன் தாத்தா அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு அடுப்பின் பக்கத்திலேயே நிற்பார், யாரையும் பேச விட மாட்டார். அந்த வருஷம் என் தட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. கேட்காததை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். அதைக் கவனித்தது நீ ஒருத்தன்தான்.

எட்டு மாசத்தில் பழைய கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பெரிய ஆர்டரும் நின்றது. திரும்பவும் முழு வெல்லத்துக்கு வந்தேன். கடலையைக் கையில் எடுத்து, கடித்து, பிறகு வாங்கினேன். சுளகில் ரெண்டு தரம் புடைக்கச் சொன்னேன். வாங்கியவர்களைத் திரும்பப் பிடிக்க அஞ்சு வருஷம் ஆனது. அது வரைக்கும் சரி. ஆனால் எல்லோரிடமும், அம்மாவிடமும்கூட, வெல்லம் போட்டவர் ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன். அந்த மனுஷர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் போன வருஷம் இறந்துபோனார். துஷ்டிக்குப் போய் நின்றேன், அவர் மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 2020ல் நம்ம ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது தெருவே கொண்டாடியது. நீ போன் பண்ணி வாழ்த்துச் சொன்னாய். அந்தப் பேரை ஒரு வருஷம் கெடுத்தவன் நான் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

உன் குறும்படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் எவ்வளவு வரும்" என்று கேட்டேனே. அதுவும் அதே அறைதான். அந்தப் படத்தில் தீப்பெட்டி ஒட்டுகிற பாட்டியின் விரலைக் காட்டுவாய். பசை காய்ந்து தோலோடு தோலாக உரியும், அவள் அதை நகத்தால் கிள்ளிக்கொண்டே பேத்தியிடம் பேசுவாள். இந்த ஊரில் அறுபது வருஷமாக அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ காட்டித்தான் பார்த்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பார்சல் நாளைக்கு ராத்திரி வண்டியில் வருகிறது. செவ்வாய்க்கிழமை விடிகாலை கிளாம்பாக்கத்தில் இறக்கி வைப்பார்கள், வேலைக்குப் போகும் முன்னால் போய் எடுத்துக்கொள். மேலே இருக்கிற ரெண்டு பாக்கெட் உனக்கு. நேற்று நானே அடுப்பில் நின்று போட்டது. கடித்துப் பார்த்து, ஒட்டுகிறதா இல்லையா என்று எழுது. ஒட்டினால் ஒட்டுகிறது என்றே எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. நாற்பதாயிரத்தை நேற்றுக் காலை உன் கணக்குக்கே திருப்பிப் போட்டுவிட்டேன். நகை கிடக்கட்டும், அவசரமில்லை என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெல்லக்காரர் விஷயம் உட்பட. கேமராவை யாரிடம் கொடுத்தாயோ அவரிடம் போய்க் கேள். கூட ரெண்டோ மூன்றோ கேட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு என்று சொல், அனுப்புகிறேன்.