மிர்-375 வில்லன் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சர்க்கரை நோயையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகள்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிர்-375 அவற்றில் ஒன்று.) இதையெல்லாம் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே சந்தோஷம்தான். ஆனால் ‘இன்சுலினைத் தடுக்கும் மிர்-375ஐ அடக்கிவிட்டால் சர்க்கரை நோய்க்கு விடிவு’ என்ற கடைசிப் பத்தியைத் தயவுசெய்து திருத்துங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்காரர், இரண்டு வேளை ஊசி. பிரிட்ஜ் கதவில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் அவருடைய இன்சுலின் இருக்கும். இதழைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து, “சார், இந்த மாத்திரை மெடிக்கல்ல வந்துடுச்சா? வந்துட்டா ஊசிய விட்டுடலாம்னு பாக்கறேன்” என்றார். அப்படி ஒரு மாத்திரையே கிடையாது, ஊசியை நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். கட்டுரையில் மாத்திரை என்ற சொல் எங்கேயும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்தி படிப்பவரை நேராக மெடிக்கல் ஷாப்பில் கொண்டுபோய் விடுகிறது.

கட்டுரையில் பாதி சரி. மார்க்கஸ் ஸ்டோஃபெல் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2004இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியதுதான் அந்தப் பாதி. கணையத்தில் திட்டுத் திட்டாக இருக்கும் செல்களில் மிர்-375 ஏராளமாக இருக்கிறது. அவற்றில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லில் அதைக் கூட்டினால் குளுக்கோஸ் கொடுத்தும் இன்சுலின் குறைவாக வந்தது. தடுத்தால் கூடுதலாக வந்தது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அது எந்த இடத்தில் கைவைக்கிறது என்பது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பீட்டா செல் குளுக்கோஸை எரிக்கும், பிறகு கால்சியம் உள்ளே பாயும், கடைசியில் இன்சுலின் அடைத்த நுண்பைகள் செல்லின் சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டும். மிர்-375 முதல் இரண்டையும் தொடுவதில்லை. அது கைவைப்பது அந்தக் கொட்டும் கட்டத்தில். கொட்டுவதற்கு உதவும் மயோட்ரோஃபின் என்ற புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வில், அதாவது அதன் செய்முறைக் குறிப்பைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதம் அதிகம் உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது. சமையல் முடிந்தது, இலை போட்டாச்சு, பரிமாற மட்டும் ஆள் குறைவு என்ற நிலைமை. இத்தனையும் செய்வது சுமார் 22 மரபு எழுத்து நீளமே உள்ள ஒரு துணுக்கு!

இங்கேயே நிறுத்தினால் மிர்-375 வில்லன்தான். உங்கள் கட்டுரையாளர் இங்கேதான் நிறுத்திவிட்டார்.

அதே குழு 2009இல் அடுத்த பாகத்தை வெளியிட்டது. மிர்-375 அறவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். கட்டுரையின் கணக்குப்படி அந்த எலிகளுக்கு இன்சுலின் பெருகி, சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். ஏறியது! பீட்டா செல்கள் குறைந்துபோயிருந்தன. சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்ககானைச் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் கூடியிருந்தன. ஏற்கெனவே குண்டான எலிகளில் இதைச் செய்தபோது இன்னும் மோசம். உடல் பருத்தால் ஈடுகொடுக்க பீட்டா செல்கள் பெருகியாக வேண்டும். மிர்-375 இல்லாமல் அவற்றால் அது முடியவில்லை, கடுமையான சர்க்கரை நோய் வந்துவிட்டது. செல் பெருக்கத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஒரு கூட்டம் மரபணுக்களையும் இதே துணுக்குதான் அடக்கி வைத்திருக்கிறது என்பது அப்போது தெரிந்தது. இன்சுலின் ஊற்றுவதைக் குறைப்பதும் அதுதான், ஊற்றுகிற செல்களைக் காப்பதும் அதுதான். இதைப் போய் ‘அடக்கிவிட்டால்’ என்று எழுதலாமா?

பெட்டிச் செய்தியில், ரத்தத்தில் மிர்-375 அளவைப் பார்த்தே பீட்டா செல்களின் நிலையைச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. பீட்டா செல்கள் சாகும்போது அது ரத்தத்தில் கலப்பது எலிகளில் கண்டதுதான். ஆனால் சாதாரணமாக ரத்தத்தில் ஓடும் மிர்-375இல் பீட்டா செல்லின் பங்கு சிறிதுதான் என்றும் எலிகளை வைத்தே காட்டியிருக்கிறார்கள். நாளைக்கே யாராவது ஒரு லேபில் இதற்கு ‘பேக்கேஜ்’ போட்டுவிடப் போகிறார்கள் என்பதுதான் என் பயம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வை மருந்தாக்குவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. மிர்-34 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போலச் செய்து புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையை, நோய் எதிர்ப்பு மண்டலம் தாறுமாறானதால் 2016இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்புறம் ஒரு விலங்கியல் வாத்தியாரின் சின்ன மனக்குறை. விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸும் ருவ்குனும் 2024இல் நோபல் வாங்கியதை எழுதியவர், 1993இல் அவர்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடிக்க உதவிய ஒரு மில்லிமீட்டர் புழுவை விட்டுவிட்டாரே! அதற்கும் ஒரு படம் போட்டிருக்கலாம்.

புழு போகட்டும், 2009 எலிகளின் கதையை அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். இதழ் வந்த அன்று சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி.